அம்மாவுக்கு முட்டி வலி, மூணு வருஷமா தினமும் வலி மாத்திரை. இப்ப கால் வீக்கம். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

கடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து எழுதறேன். அம்மாவுக்கு 63 வயசு. மூணு வருஷத்துக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு ரெண்டு முட்டியும் தேய்மானம்னு சொன்னாங்க. அப்ப அஞ்சு நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைதான் இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு. சீட்டு எப்பவோ கிழிஞ்சு போச்சு. காலி அட்டையைக் காட்டினா மெடிக்கல்ல குடுத்துடறாங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரொம்ப முடியலைன்னா தெருமுனை கிளினிக்ல இடுப்புல ஒரு ஊசி.

ரெண்டு மாசமா சாயந்திரம் ஆனா கணுக்கால் வீங்குது. விரலால அழுத்தினா குழி விழுது. 130ல இருந்த பிரஷர் 160க்கு ஏறிடுச்சுன்னு புதுசா ஒரு பிரஷர் மாத்திரையும் சேத்திருக்காங்க. அம்மா கேட்டா "வயசாச்சு, வீங்கத்தான் செய்யும்"ங்கறாங்க. எனக்கு மனசு கேக்கல. வலி மாத்திரையால இப்படி ஆகுமா? நிறுத்தச் சொன்னா, "அப்புறம் நான் எப்படிடீ எழுந்து அடுப்படிக்குப் போறது"ன்னு கண் கலங்கறாங்க.

பாகூர் வயல்:
பயப்படாதீங்க தங்கச்சி. நான் பத்து வருஷமா வலி மாத்திரை போடறேன். நாத்து நடவு, அறுப்பு நேரத்துல ரெண்டு வேளையும் உண்டு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகல. வெறும் வயித்துல மட்டும் போடாம பாத்துக்கச் சொல்லுங்க. கூட ஒரு கேஸ் மாத்திரை குடுங்க. போதும்.

முதுநகர் மருந்தாளுநர்:
மகளே, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அம்மா சாப்பிடற எல்லா மாத்திரையோட பேரும் வேணும். கம்பெனி பேர் இல்ல, அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்குமே, அந்த மருந்துப் பேர். பிரஷர், சர்க்கரை, சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தது, எதையும் விடாதீங்க.

கடிலக்கரை:
அட்டையெல்லாம் எடுத்துப் பாத்தேன் ஐயா. வலிக்கு: அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 சேந்தது. பிரஷருக்கு: டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேந்தது. புதுசா குடுத்தது அம்லோடிபின் 5. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, ரெண்டு வேளை. தலைவலின்னா நடுவுல ஒரு டோலோ, அதுவும் பாராசிட்டமால்தான். ஊசி என்னன்னு தெரியல.

முதுநகர் மருந்தாளுநர்:
இதுக்குத்தான் கேட்டேன். 22 வருஷமா மருந்துக்கடை கல்லாவுக்குப் பின்னாடி நிக்கறவன் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

அம்மா போடற மூணு மருந்து, அதாவது அசிக்ளோஃபெனாக், டெல்மிசார்டன், தயசைடு, ஒரே சிறுநீரகத்துல மூணு பக்கமா வேலை செய்யுது. நம்ம வீராணம் ஏரியை நினைச்சுக்கோங்க. வடவாறு வழியா தண்ணி உள்ள வருது, மதகு வழியா வெளிய போகுது. ஏரியில ஒரு மட்டம் நின்னாத்தான் பாசனம் நடக்கும். சிறுநீரகத்துல ரத்தத்தை வடிகட்டற சின்னச் சின்ன முடிச்சுகளும் இப்படித்தான். உள்ள ஒரு குழாய், வெளிய ஒரு குழாய், நடுவுல ஒரு அழுத்தம். உள்ள வர்ற குழாயைத் திறந்து வைக்கறதுக்கு புராஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருளை உடம்பே சுரக்குது. மூட்டுல வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கறதும் அதே குடும்பத்துப் பொருள்தான். வலி மாத்திரைக்கு மூட்டுல இருக்கறது எது, சிறுநீரகத்துல இருக்கறது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரெண்டு இடத்துலயும் அடைச்சிடும். ஆக, வடவாறு பாதி மூடியாச்சு. டெல்மிசார்டன் வெளிய போற குழாயைத் தளர்த்தும், அதாவது மதகைத் திறந்து விட்ட மாதிரி. தயசைடு நீர் பிரியற மருந்து, அது ஆத்துல வர்ற தண்ணியையே குறைக்குது. மூணும் ஒண்ணா நடந்தா ஏரியில மட்டம் எங்க நிக்கும்? வடிகட்டறது குறைஞ்சு கிரியாட்டினின்ங்கற கழிவு ரத்தத்துல ஏறும். அதைத்தான் உப்பு ஏறுதுன்னு சொல்வாங்க.

டெல்மிசார்டன் கெட்ட மருந்துன்னு சொல்லவே இல்ல. பிரஷருக்கும் சர்க்கரைக்காரங்க சிறுநீரகத்துக்கும் அது நல்ல மருந்து. அது கூட தினமும் வலி மாத்திரை சேர்றதுதான் ஆபத்து. சித்திரை வெயில்ல வேர்த்துக் கொட்டற நாள்லயும், பேதி வாந்தி வந்து தண்ணி வத்தின நாள்லயும் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

இன்னொண்ணு. வலி மாத்திரை நாம சாப்பிடற உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கும். கால் வீங்கும், பிரஷர் ஏறும். ஏறின பிரஷருக்குன்னு இன்னொரு மாத்திரை சேருது. அம்லோடிபினும் தன் பங்குக்குக் கால் வீக்கம் கொண்டு வரக் கூடியது. வீக்கத்துக்கு எது காரணம்னு நான் இங்க இருந்து சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கே ரத்தத்துல யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் மூணும் பாருங்க. சிறுநீர்ப் பரிசோதனையும் சேத்து. எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு, ஒரே டாக்டர்கிட்ட கொண்டு போய்க் கொட்டுங்க. பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டரைப் பாக்கற வரைக்கும் அந்த வலி மாத்திரையும் ஊசியும் வேண்டாம்.

பாகூர் அண்ணே, உங்க மேல வருத்தம் இல்ல. ஆனா "ஒண்ணும் ஆகல"ன்னு எதை வச்சு சொல்றீங்க? கடைசியா கிரியாட்டினின் எப்ப பாத்தீங்க? சிறுநீரகம் பாதிக்கு மேல கெட்டுப் போற வரைக்கும் வலிக்காது, சத்தம் போடாது. கேஸ் மாத்திரை வயித்தை மட்டும்தான் காக்கும். கிட்னிக்கும் இதயத்துக்கும் அது காவல் இல்ல.

பாகூர் வயல்:
பாத்ததே இல்லீங்க. நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன்.

நெல்லிக்குப்பம் கரும்பு:
வயித்தைப் பத்தி நான் சொல்லணும். எங்க அப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சு ஆஸ்பிரின் 75 தினமும். அவரா கடையில வாங்கி ஐபுபுரூஃபன் 400 போட்டுக்கிட்டு இருந்தாரு, தோள்பட்டை வலிக்கு. தவறாம சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடுவாரு. வயித்துல ஒரு நாள் கூட வலி இல்ல, எரிச்சல் இல்ல.

மலம் கறுப்பா, தார் மாதிரி, ஒரு மாதிரி நாத்தத்தோட போகுதுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. பித்தம்னு நினைச்சு சீரகத் தண்ணி போட்டுக் குடுத்திருக்காங்க. நாலாம் நாள் குளியலறையில மயங்கி விழுந்தாரு. ஹீமோகுளோபின் 6.2. எண்டோஸ்கோபியில இரைப்பைல ரெண்டு புண், ஒண்ணுல ரத்தம் கசிஞ்சிட்டிருந்தது. நாலு பாட்டில் ரத்தம் ஏத்தினோம். பொழைச்சுட்டாரு. ஆனா அந்த நாலு நாளை நினைச்சா இன்னமும் எனக்குத் தூக்கம் வராது. எங்க வீட்ல யாருக்கும் கறுப்பு மலம்னா என்னன்னு தெரியல. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஓபி சீட்டு:
நான் கடலூர் மாவட்டத்துல பொது மருத்துவம் பாக்கறவன். மருந்தாளுநர் ஐயா சொன்னது சரி. நெல்லிக்குப்பம் நண்பர் எழுதினதையும் எல்லாரும் மனசுல வச்சுக்கணும். புண் இருந்தும் ஏன் வலிக்கல? போட்டது வலி மாத்திரை, வயித்து வலியையும் அது மறைச்சிருக்கலாம். சாப்பிட்டுட்டுப் போட்டா புண் வராதுங்கறது பாதி உண்மை. எரிச்சல் குறையலாம். ஆனா மருந்து ரத்தத்துல கலந்த பிறகுதான் இரைப்பைச் சுவரோட பாதுகாப்பைக் குறைக்குது. அதனால ஊசியா போட்டாலும் புண் வரலாம். "ஊசி வயித்துக்குப் போகாதே டாக்டர்"னு என்கிட்ட தினமும் யாராவது கேக்கறாங்க.

ஆஸ்பிரினோட ஐபுபுரூஃபன் சேரும்போது இன்னொரு சங்கடமும் இருக்கு. ரத்தம் உறைய உதவற தட்டணுவுல ஆஸ்பிரின் உக்கார வேண்டிய இடத்தை ஐபுபுரூஃபன் மறிச்சிடும். ஸ்டென்டைக் காக்கப் போடற ஆஸ்பிரின் வீணாகலாம், ரத்தக் கசிவு ஆபத்து மட்டும் கூடும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் சாப்பிடறவங்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கறவங்களும் கசிவு விஷயத்துல கவனமா இருக்கணும்.

இதயத்தையும் மறக்கக் கூடாது. ரோஃபிகாக்சிப்னு ஒரு மருந்து வயித்துக்குச் சாதுன்னு பேர் வாங்கி உலகம் பூரா வித்தது. மாரடைப்பு கூடுதுன்னு தெரிஞ்சதும் 2004 செப்டம்பர்ல கம்பெனியே அதைச் சந்தையில இருந்து எடுத்துடுச்சு. அதே வகையில இன்னைக்குப் புழக்கத்துல இருக்கற எட்டோரிகாக்சிபுக்கும், பழைய டைக்ளோஃபெனாக்குக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. ஐரோப்பாவுல 2013லயே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு வந்தவங்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அசிக்ளோஃபெனாக்கும் உடம்புல ஓரளவு டைக்ளோஃபெனாக்கா மாறக் கூடியதுதான்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கால பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமா செத்தது பலருக்கு நினைவிருக்கும். செத்த மாட்டைத் தின்ன பறவைக்குச் சிறுநீரகம் செயலிழந்து போச்சு. 2006ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணினாங்க, 2023ல அசிக்ளோஃபெனாக்கையும் கீட்டோபுரோஃபனையும் சேத்தாங்க. கழுகு உடம்பு வேற, நம்ம உடம்பு வேற, அதுக்கு அது கொடிய விஷம். ஆனா கிராமத்துல இந்த மருந்து கிட்னியைத் தொடும்னு புரிய வைக்க நான் அந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அப்ப வலி மாத்திரையே கூடாதா? அப்படிச் சொன்னா அது பொய். சிறுநீரகம், வயிறு, இதயம் மூணும் நல்லா இருக்கறவங்களுக்கு, மூட்டு வீங்கி நிக்கற நாள்ல இது நல்ல மருந்து. ஒரே ஒரு வகை, குறைஞ்ச அளவு, குறைஞ்ச நாள். டைக்ளோஃபெனாக்னா ஒரு நாளைக்கு 150 மி.கி. தாண்டக் கூடாது, அசிக்ளோஃபெனாக்னா 100 ரெண்டு வேளை. முழு அளவையே எல்லாருக்கும் நான் எழுதறதில்ல. 65 தாண்டினவங்க, முன்னாடி புண் வந்தவங்கன்னா வயித்து அமிலத்தைக் குறைக்கற பேன்டோபிரசோல் மாதிரி ஒண்ணைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி கூடவே எழுதுவேன். ரெண்டு வாரத்துக்கு மேல தேவைப்பட்டா பிரஷரும் கிரியாட்டினினும் பாக்காம நீட்ட மாட்டேன். ஆஸ்துமாக்காரங்களும், கர்ப்பமா இருக்கறவங்களும், முக்கியமா 20 வாரம் தாண்டினவங்க, டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.

முட்டித் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னாடி நான் ஜெல்தான் தருவேன். டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டி மேல தடவினா ரத்தத்துக்குப் போறது மாத்திரையில போறதுல சுமார் 6 சதவீதம்தான். ஆனா நம்ம ஆளுங்க பட்டாணி அளவு எடுத்து, ஒரு நாள் தடவிட்டுக் கேக்கலைன்னு தூக்கிப் போட்டுடறாங்க. 1 சதவீத ஜெல்னா ஒரு முட்டிக்கு 4 கிராம் வரைக்கும், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, குறைஞ்சது ரெண்டு வாரம் தடவினாத்தான் தெரியும். தடவின இடத்துல வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், துணி இறுக்கிக் கட்ட வேண்டாம். கிரியாட்டினின் ஏறியிருந்தா ஜெல்லும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

கடிலக்கரை அம்மாவுக்கு: உப்பு ஏறியிருந்தா மெட்ஃபார்மின் அளவையும் பாக்கணும். டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க.

கோரிமேடு 41:
எனக்கு 41 வயசு, முடக்குவாதம் (ருமட்டாய்டு), தேய்மானம் இல்ல, வேற மூட்டு நோய். எங்க மாதிரி ஆளுங்களுக்கு இந்த இழையில ஒரு வார்த்தை இருக்கணும்.

என் கதையிலயும் ரெண்டு வருஷம் வலி மாத்திரையிலயே போச்சு. காலைல எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது, சப்பாத்தி மாவு பிசைய முடியாது, பாத்ரூம் தாழ்ப்பாள் போட முடியாது. மாத்திரை போட்டா பத்து மணிக்குச் சரியாயிடும். சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். உள்ள எலும்பு அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. வலி மாத்திரை வலியை மட்டும்தான் குறைக்கும், நோயை நிறுத்தாது. வலது கையில ரெண்டு விரல் கோணிப் போன பிறகுதான் ஜிப்மர்ல கிளினிக்கல் இம்யூனாலஜிக்குப் போனேன். நோயையே கட்டுப்படுத்தற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசத்துல வலி மாத்திரை தேவையே குறைஞ்சு போச்சு. மிச்ச விரல் நேரா இருக்கு.

காலைல விறைப்பு அரை மணிக்கு மேல இருந்தா, ரெண்டு கையிலயும் சின்ன மூட்டு வீங்கினா, அதைத் தேய்மானம்னு நினைச்சு மாத்திரை வாங்கிப் போடாதீங்க.

மெத்தோட்ரெக்சேட் எடுக்கறவங்களுக்கு: அது வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. நான் அட்டை மேலயே பேனாவால "ஞாயிறு" எழுதி வச்சிருக்கேன். அதோட வலி மாத்திரை சேரணும்னா எங்க டாக்டர் ரத்தப் பரிசோதனை பாத்துட்டுத்தான் சொல்றாங்க.

பண்ருட்டி முந்திரி:
அம்மா முந்திரி உடைக்கற வேலை. தரையில குந்தி உக்காந்தே 30 வருஷம். இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு சொல்லி ஒருத்தர்கிட்ட மூலிகைப் பொடி வாங்கறாங்க. பொட்டலம்தான், பேர் எதுவும் இல்ல. ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு. நாலு மாசமா முகம் உப்பி, பசி ஜாஸ்தி, சர்க்கரை புதுசா வந்திருக்கு. இந்தப் பொடி பரவாயில்லையா?

ஓபி சீட்டு:
தயவுசெஞ்சு உடனே கவனிங்க. பேர் இல்லாத பொடி, ரெண்டு நாள்ல வலி மாயம், முகம் உப்பல், சர்க்கரை. இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கணும்னுதான் முதல்ல சந்தேகப்படுவேன். இதைச் சட்டுனு நிறுத்தவும் கூடாது. மாசக் கணக்கா வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்தா உடம்பு தானா சுரக்கறதை விட்டுடும். திடீர்னு நிறுத்தினா பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கிட்டு நாளைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. "நாலு மாசமா இதைச் சாப்பிடறாங்க"ன்னு முதல் வரியிலயே சொல்லுங்க. படிப்படியா குறைக்க அவங்க வழி சொல்வாங்க. பதிவு பெற்ற சித்த மருத்துவரை இதோட சேத்துப் பேசாதீங்க, அவங்க மருந்துக்குப் பேரும் சீட்டும் இருக்கும்.

பண்ருட்டி முந்திரி:
நாளைக்கே கூட்டிட்டுப் போறேன் சார்.

உப்பளம்:
ஒரு சந்தேகம். 2006ல சிக்குன்குனியா வந்தப்போ எங்க தெரு பூரா வலி மாத்திரைதான். அந்த மூட்டு வலி எனக்கு ஒரு வருஷம் இருந்தது. இப்பவும் ஐப்பசி மழைக்குக் காய்ச்சல் வந்தா வீட்ல முதல்ல அதைத்தான் தேடறாங்க. சரியா?

முதுநகர் மருந்தாளுநர்:
காய்ச்சல் இருக்கற வரைக்கும் கூடாது தம்பி. அது டெங்குவா இருந்தா தட்டணு குறையும். அந்த நேரத்துல டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், தண்ணி நிறைய, ரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லன்னு உறுதியான பிறகு மூட்டு வலி நீடிச்சா டாக்டர் முடிவு பண்ணட்டும். பாராசிட்டமாலுக்கும் கணக்கு உண்டு. அசிக்ளோஃபெனாக் மாத்திரைக்குள்ளயே 325 ஒளிஞ்சிருக்கு, காய்ச்சல் மாத்திரை 650, சளி மாத்திரையிலயும் கொஞ்சம். எல்லாம் சேத்து வயசானவங்களுக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தாண்டக் கூடாது.

எங்க தொழில் பக்கமும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். டைக்ளோஃபெனாக் மாத்திரை சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. காலி அட்டையைக் காட்டினதும் எடுத்துக் குடுக்கற பழக்கம் எங்க கடைகள்லயே இருக்கு. நான் இப்பல்லாம் வயசானவங்க கேட்டா "பிரஷர் மாத்திரை போடறீங்களா?"ன்னு கேக்காம குடுக்கறதில்ல. சில பேர் கோச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போறாங்க. போகட்டும்.

லாஸ்பேட்டை பிசியோ:
முட்டித் தேய்மானம் இருக்கறவங்களுக்குத் தொடைத் தசைதான் முட்டியைத் தாங்கற தூண். நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி அஞ்சு எண்ணி இறக்குங்க. ஒரு காலுக்கு பத்து தடவை, காலையும் மாலையும். கைத்தடி வச்சா வலிக்கற காலுக்கு எதிர்க் கையில பிடிக்கணும், நிறைய பேர் மாத்திப் பிடிக்கறாங்க. உடம்பு எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல சுமார் நாலு கிலோ பாரம் குறையுது. ஆறு வாரம் விடாம பண்ணுங்க. முதல் வாரம் வலி கொஞ்சம் இருக்கும், அதுக்குப் பயந்து விட்டுடாதீங்க.

கடிலக்கரை:
நாலு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். மருந்தாளுநர் ஐயா சொன்ன மறுநாளே டெஸ்ட் எடுத்தோம். கிரியாட்டினின் 1.9. போன வருஷ ரிப்போர்ட்டைத் தேடிப் பாத்தா 1.0. எனக்கு கை நடுங்கிடுச்சு. டாக்டர் எல்லா அட்டையையும் மேசை மேல பரப்பி ஒவ்வொண்ணா பாத்தாரு. வலி மாத்திரையும் ஊசியும் அன்னைக்கே நிறுத்தம். தயசைடு இல்லாத பிரஷர் மாத்திரையா மாத்தினாரு, மெட்ஃபார்மினைக் குறைச்சாரு. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டம். அம்மா ராத்திரியில அழுதாங்க, நானும் கூட உக்காந்து கால் பிடிச்சு விட்டேன். பாராசிட்டமால் பெரிசா கேக்கல, உண்மையைச் சொல்றேன். மூணாவது வாரம் மறுபடி பாத்தப்ப கிரியாட்டினின் 1.2, பிரஷர் 136, கால் வீக்கம் வடிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் ஜெல்லுக்கு டாக்டர் சரின்னாரு, அடுத்த மாசம் மறுபடி ரத்தம் பாக்கணும்னு சொல்லி. தொடைப் பயிற்சி நடக்குது. வலி முழுசா போகல. குந்தி உக்காந்து கோலம் போடறதை விட்டுட்டு ஸ்டூல் போட்டு உக்காந்து போடறாங்க. மாத்திரைப் பேரையெல்லாம் எழுதி தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னாடி ஒட்டியிருக்கேன், கீழ சிவப்பு மையில "வலி ஊசி வேண்டாம்"னு.

பாகூர் வயல்:
தங்கச்சி, அம்மா தேறினது சந்தோஷம். நானும் பாத்தேன். 1.6 வந்திருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. மாத்திரையை அன்னைக்கே விட்டுட்டேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

முதுநகர் மருந்தாளுநர்:
ரிப்போர்ட், பிரஷர் சீட்டு இருந்தா அது, வீட்ல இருக்கற எல்லா அட்டையும், காலி அட்டையும் சேத்து. ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமான்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க, அங்க போனா மறந்துடும். வீட்ல சொல்லிட்டு, அண்ணியையும் கூட்டிட்டுப் போங்க அண்ணே.